பொன்னாலைப் பாலத்தில் ஆறு மாத்திரை

யாழ்ப்பாணம், மானிப்பாய், சங்கானை, பொன்னாலை. இந்த நாலு பெயரையும் ஒரே வேகத்தில், இடைவெளி விடாமல், நாலைந்து தரம் சொல்லிப் பாருங்கள். யாழ்-ப்பா-ணம், மா-னிப்-பாய், சங்-கா-னை, பொன்-னா-லை. ஒவ்வொன்றிலும் மூன்று அசை, மூன்றும் ஒரே நீளம். யாழ்ப்பாண நகரத்திலிருந்து காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குப் போகிற வழியில் வரிசையாக வருகிற ஊர்கள் இவை. கசூரினாவுக்கு ஒரு பாட்டுக் கட்ட நினைக்கிறவருக்கு முதல் வரியை அந்த வழியே கட்டிக் கொடுத்துவிட்டது.

கடற்கரைப் பாட்டு என்றதும் பலர் நிலா, அலை, மணல், காதலி என்று தொடங்குவார்கள். அந்தச் சொற்கள் எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும். பாட்டைக் கேட்கிற ஆள் "இது எங்கட இடம்" என்று எழும்பிக் கை தட்டுவது ஊர்ப் பெயர் வருகிற இடத்தில்தான். ஆனால் பெயரை வெறுமனே அடுக்கினால் போதாது. தாளத்தில் அது எந்த இடத்தில் விழுகிறது, எத்தனை மாத்திரை (தாளத்தின் சிறு கால அளவு) பிடிக்கிறது என்று பார்த்து வைக்க வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அந்தக் கணக்குத்தான். பள்ளிக்கூடச் சுற்றுலா, சனசமூக நிலைய ஒன்றுகூடல், வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்களோடு வான் பிடித்துப் போகிற பயணம், எதற்கானாலும் ஒரு பின்னேரத்தில் கட்டிப் பழகிவிடலாம்.

தாளம் பைலா. வேறு எதையும் தேட வேண்டியதில்லை. போர்த்துக்கேய மொழியில் ஆடுவதற்கான 'பைலார்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள், 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். அவர்களோடு வந்த ஆப்பிரிக்க மக்களின் கபிரிஞ்ஞா ஆட்டமும் பாட்டும்தான் பைலாவின் வேர். 1940களில் பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வோலி பாஸ்டியன் அதைச் சிங்களத்தில் இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு தமிழில் பொப் இசை என்ற பெயரோடு நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடியவை வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தன. 'சின்ன மாமியே' கேட்கிறபோது கால் எப்படி ஆடுகிறது என்று கவனித்தால் பைலாவின் பாதி இலக்கணம் பிடிபட்டுவிடும்.

மற்றப் பாதி இது. பைலா ஒரு சுற்றுக்கு ஆறு மாத்திரை, மேற்கத்தியக் கணக்கில் 6/8. ஆறை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். மூன்று மூன்றாகப் பிரித்தால் 'தகிட தகிட', இரண்டு இரண்டாகப் பிரித்தால் 'தக தக தக'. பைலாவில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். கையும் காலும் 'தகிட தகிட' என்று 1ஆம், 4ஆம் மாத்திரைகளில் அடிக்க, பாடுகிற வாய் இடைக்கிடை 'தக தக தக' என்று 1, 3, 5இல் அழுத்தும். இந்த உரசல்தான் இடுப்பை ஆட்டுவது. எங்கட கும்மியும் திஸ்ர நடைதான். கும்-மி-ய-டி என்பது, 'டி'யை இழுத்தால், மூன்றும் மூன்றும். அதனால்தான் பைலா தமிழ் வாயில் இவ்வளவு சுகமாக உட்கார்ந்தது என்பது என் எண்ணம்.

இதைக் கையில் பழக ஐந்து நிமிடம் போதும். 1ஆம், 4ஆம் மாத்திரையில் தொடையில் தட்டிக்கொண்டு வாயால் 'தக தக தக' சொல்லுங்கள். முதல் தட்டு முதல் 'த'வோடு சேரும். இரண்டாவது தட்டு, நடுவில் இருக்கிற 'தக'வின் 'க'வில் விழும். அது சரியாக விழத் தொடங்கியதும் 'தக தக தக'வை எடுத்துவிட்டு 'யாழ்ப்பாணம்' என்று போடுங்கள். இரண்டாவது தட்டு 'ப்பா'வின் வயிற்றுக்குள் விழ வேண்டும், அந்த நெடிலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே. 'பா' தொடங்குகிற இடத்தில் தட்டு விழுந்தால் கை வாயைப் பின்தொடர்ந்துவிட்டது என்று அர்த்தம். திரும்பத் தொடங்குங்கள்.

பெயர்களை அளக்கிற முறை எளிது. குறில் 1. நெடில் 2. குறிலோடு ஒற்று வந்தால் 2. இலக்கணத்தில் ஒற்றுக்கு அரை மாத்திரைதான், பாட்டில் அது அடுத்த அரையையும் எடுத்துக்கொள்ளும். ஐகாரம் சொல்லின் நடுவில் வந்தால் குறுகி 1, கடைசியில் வந்தால் 1 ஆகவும் விடலாம், இழுத்து 2 ஆக்கியும் விடலாம். இந்தக் கணக்கில் மேலே சொன்ன நாலு பெயரும் 2+2+2, வாய்க்கு 'தக தக தக'. காரைநகர் அப்படி இல்லை. கா 2, ரை 1, பிறகு ந-கர் மூன்றாக விரிந்து 'ந, க, அர்' என்று போகும். 3+3, சுத்தமான 'தகிட தகிட'. ஆக நாலு ஊரும் தாளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு வர, ஐந்தாவது ஊர் வந்ததும் வாயும் கையும் ஒன்றுசேர்கின்றன. பொன்னாலைக்கும் காரைநகருக்கும் இடையில் இருக்கிற பாலம் தாண்டி ஊருக்குள் இறங்குகிற உணர்வு தாளத்திலேயே வந்துவிடுகிறது.

ஊர்ப் பெயர்களை எடை பார்த்து அடுக்குவது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பீச் போய்ஸ் குழுவின் 'கொக்கோமோ', 1988இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு, அதன் பல்லவியில் அரூபா, ஜமேக்கா, பெர்முடா, பஹாமா, கீ லார்கோ, மொன்ரேகோ என்று இடங்கள் வரும். ஆங்கில உச்சரிப்பில் எல்லாமே மூன்று அசை, நடு அசையில் அழுத்தம். எடை ஒன்றாக இருப்பதால்தான் அந்தப் பட்டியல் பாட்டாக ஓடுகிறது. இத்தனைக்கும் தலைப்பில் இருக்கிற கொக்கோமோத் தீவு பாட்டுக்காகக் கற்பனை செய்த தீவு. எங்களுக்கு அந்தக் கற்பனையும் தேவையில்லை, பஸ்ஸில் ஏறினால் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும்.

இனிக் கசூரினா. சவுக்கு மரத்தின் தாவரவியல் பெயர்தான் இங்கே கடற்கரையின் பெயராகிவிட்டது. மலாய் மொழியில் கசுவாரி என்ற பறவையின் இறகைப் போல இலை தொங்குவதால் மரத்துக்கு அந்தப் பெயர் வந்தது. க 1, சூ 2, ரி 1, னா 2. கூட்டினால் 6, ஒரு சுற்றுக்குச் சரி. அதை நம்பி 'க'வை முதல் மாத்திரையில் வைத்தால் பாட்டு நொண்டும். தட்டு விழுகிற 1ஆம், 4ஆம் இடங்களில் 'க', 'ரி' என்ற இரண்டு குறிலும் வந்து, இழுக்க வேண்டிய நெடில்கள் தட்டு இல்லாத இடத்துக்குப் போய்விடும். கூட்டமாகப் பாடும்போது ஆக்கள் தங்களை அறியாமல் 'காசுரீனா' என்று நெடிலைத் தட்டுக்கு இழுப்பார்கள், பெயரே கெட்டுவிடும்.

திருத்தம் ஒரு எழுத்துத்தான். 'க'வை முந்திய சுற்றின் 6ஆம் மாத்திரைக்குத் தள்ளிவிடுங்கள். கர்நாடக சங்கீதக்காரர் அதீத எடுப்பு என்று சொல்வது இதைத்தான், தாளத்துக்கு முன்னால் பாட்டை எடுப்பது. இப்போது தட்டு 'சூ'வில் விழும், 'ரி' கடந்து, அடுத்த தட்டு 'னா'வில் விழும். நெடில்-குறில், நெடில்-குறில். பைலாவின் துள்ளலே அதுதான். முந்திய வரி ஐந்து மாத்திரையில் முடிந்து 'க'வுக்கு ஒரு மாத்திரை விட்டுவைக்க வேண்டும், அவ்வளவே.

முழுப் பல்லவியும் இப்படி வரும். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் ஆறு மாத்திரை:

யாழ்ப்பாணம் | மானிப்பாய் | சங்கானை | பொன்னாலை
பாலமேறி | காற்றிலாடி | காரைநகர் | வந்தமே, க-
-சூரினா, க- | -சூரினா | கால்நனைக்க | வாங்கோவன்
காற்றுவந்து | தலைதடவ | கூடிநின்று | பாடுவோம்

மூன்றாம் வரியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். வாங்-கோ-வன், 2+2+2. யாழ்ப்பாணத்தார் ஒருவரை அன்பாக, கொஞ்சம் வற்புறுத்திக் கூப்பிடுகிற சொல்லே 'தக தக தக'வில் இருக்கிறது. 'வாருங்கள்' என்று எழுத்துத் தமிழில் போட்டாலும் கணக்கு 2+2+2தான், ஆனால் அது மேடைப் பேச்சாகிவிடும். கடற்கரையில் நின்று யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. 'வந்தமே'யும் அப்படித்தான். 'வந்தோமே' என்று திருத்தினால் வந் 2, தோ 2, மே 2 என்று ஆறும் நிரம்பி, 'க'வுக்கு இடமில்லாமல் போகும். பேச்சுச் சொல்லை இலக்கணத்துக்காகத் திருத்துகிற நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். இந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நாலாம் வரிக்கு 'ஆழமில்லை, அலையுமில்லை' என்று போடத் தோன்றும். கணக்கும் அழகாக 6, 6 என்று வருகிறது, கசூரினாவின் புகழும் அதுதான். பாக்கு நீரிணையைப் பார்த்த வடக்குக் கரை, நீண்ட தூரத்துக்கு இடுப்பளவு தண்ணீர், பெரிய அலை இல்லை. ஆனாலும் போட வேண்டாம். பிள்ளைகள் பாட்டில் வருகிறதை அப்படியே நம்புவார்கள். வாடைக் காலத்தில் அதே கடல் வேறு கடல், நீரோட்டமும் வெளியே தெரியாது. 'ஆழமில்லை' என்று அம்பது பேர் சேர்ந்து பாடிக்கொண்டு நிற்கிற இடத்தில் ஒரு பிள்ளை உள்ளே நடந்து போவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். கால் நனைக்கிறதோடு பாட்டு நிற்கட்டும்.

மெட்டுக்குப் பெரிய சங்கீதம் வேண்டாம். ஜி சுருதியில் முதல் வரியைப் படிக்கட்டு மாதிரி ஏற்றுங்கள். யாழ்ப்பாணம் மூன்று அசையும் ச, மானிப்பாய் காந்தாரம், சங்கானை மத்திமம், பொன்னாலை பஞ்சமம். ஒரு ஊருக்கு ஒரு சுரம். பாலம் ஏறியதும் பஞ்சமத்திலிருந்து மத்திமம், ரிஷபம், காந்தாரம் என்று இறங்கி 'வந்தமே'யில் ச-வுக்கு வந்து நில்லுங்கள். 'க' கீழ்ப் பஞ்சமத்தில், 'சூரினா' ச-வில். அந்தப் பாய்ச்சல் தெளிவாகக் கேட்க வேண்டும், அங்கேதான் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். 'கால்நனைக்க' தைவதம் வரை ஏறும். அதற்கு மேலே போக வேண்டாம். கீழ்ப் பஞ்சமம் முதல் தைவதம் வரை ஒன்பது சுரம், அம்மம்மா முதல் பேரப்பிள்ளை வரை எல்லோருக்கும் எட்டும். தனியாகப் பாடுகிறவருக்கு அழகான உச்சத்தைப் போட்டு வைத்தால், கூட்டம் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

கிற்றாருக்கு மூன்று கோர்ட் போதும்: ஜி, சி, டி-7. முதல் வரி ஜி, ஜி, சி, டி-7. இரண்டாம் வரி டி-7, டி-7, ஜி, ஜி. மூன்றாம் வரி ஜி, ஜி, சி, சி. நாலாம் வரி ஜி, டி-7, டி-7, ஜி. வலது கைப் பெருவிரல் 1இலும் 4இலும் தடித்த கம்பியை மாறி மாறி அடிக்கட்டும். ஜி-க்கு 6ஆம் கம்பி 3ஆம் பிரெட், பிறகு வெறும் 4ஆம் கம்பி. சி-க்கு 5ஆம் கம்பி 3ஆம் பிரெட், பிறகு 6ஆம் கம்பி 3ஆம் பிரெட். டி-7க்கு வெறும் 4ஆம் கம்பி, பிறகு வெறும் 5ஆம் கம்பி. 2, 3, 5, 6ஆம் மாத்திரைகளில் மெல்லிய கம்பிகளை இலேசாகத் தட்டி, உடனே இடது கையைத் தளர்த்திச் சத்தத்தை வெட்டுங்கள். வெட்டாவிட்டால் எல்லாம் ஒன்றாகக் குழைந்து தாளம் தெரியாது.

இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் பிழை விடுகின்றன. முதல் வரியில் வாய் 2+2+2 பாடும்போது கிற்றார்க்காரரின் கையும் அதோடு போய்விடும். பெருவிரல் அடிக்கிற தடித்த கம்பி 1, 3, 5இல் விழத் தொடங்கும். அந்தக் கணத்தில் பைலா செத்து, மூன்று தட்டு வோல்ற்ஸ் ஆகிவிடும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் காரணம் தெரியாமலே நின்றுவிடுவார்கள். இதைத் தடுக்க ஒரே வழி, கிற்றார்க்காரர் முதல் வரியைப் பாடாமல் இருப்பது. அவர் வாய்க்குள் 'தகிட தகிட' சொல்லிக்கொண்டு வாசிக்கட்டும், காரைநகர் வந்ததும் பாட்டில் சேரட்டும்.

வேகத்தைக் கைபேசி மெற்றனோமில் 112 என்று வையுங்கள், ஒரு அடிக்கு மூன்று மாத்திரை. பதினாறு சுற்றுப் பல்லவி ஏறக்குறைய 17 விநாடி ஓடும். உற்சாகம் ஏற ஏற வேகமும் ஏறும், அது இயல்பு. 132 வரைக்கும் பறவாயில்லை. அதைத் தாண்டினால் குறில்கள் விழுங்கப்படும், 'தலைதடவ' 'தல்தட்வ' ஆகும். தொடக்கத்திலேயே 130இல் எடுத்தால் மூன்றாம் தரம் பாடும்போது போக இடமில்லை. கெதியாகப் போனால்தான் கலகலப்பு என்பது பிழையான எண்ணம். 112இல் தாளம் இறுக்கமாக இருந்தால் அது 140ஐ விடக் கூடுதலாக ஆட்டும்.

ஆறில் அடங்காத ஊர்களை என்ன செய்வது? சண்டிலிப்பாய் 2+1+2+2, ஏழு வருகிறது. ஒரு சுற்றுக்குள் திணித்தால் 'லிப்' நசுங்கும். அந்த ஊராரை வைத்துக்கொண்டு அப்படிப் பாட முடியாது. இரண்டு சுற்றாக விரியுங்கள்: சண்--டி-- | லிப்--பாய்--, ஒவ்வொரு அசைக்கும் மூன்று மாத்திரை. மூளாயும் அப்படியே, மூ--ளாய்--, ஒரு சுற்று. சுழிபுரம் சு-ழி-பு மூன்று, ரம் இழுத்து மூன்று. இந்த மூன்று பெயரையும் சேர்த்தால் நாலு சுற்று வந்துவிட்டது, அகலமான, நிதானமான ஒரு வரி. பல்லவியின் நெருக்கத்துக்குப் பிறகு சரணத்தின் தொடக்கத்தில் இது மூச்சு விட இடம் தரும். ஆனைக்கோட்டையும் வட்டுக்கோட்டையும் எட்டு எட்டு. இரண்டு சுற்றுக் கொடுத்தால் நாலு மாத்திரை மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பாட்டால் நிரப்பாமல் கைதட்டுக்கு விடுங்கள். பெயர் சொல்லி முடிந்ததும் படார் படார் என்று கூட்டம் தட்டும், அந்த ஊர் ஆக்கள் மற்றவர்களை விடப் பலமாகத் தட்டுவார்கள்.

வேறு கடற்கரைக்குப் போகிறவர்கள் பல்லவியின் மூன்றாம் வரியை மாற்றிக்கொள்ளலாம். கீரிமலை 2+1, 1+2, ஒரு சுற்று, நேராக முதல் மாத்திரையில் வைக்கலாம். மணற்காடும் நெடுந்தீவும் 1+2+2+1. முதல் எழுத்தை முன்சுற்றுக்குத் தள்ளினால் 'ணற்கா', 'டுந்தீ' என்று பலமாக விழும், கசூரினாவுக்குச் செய்த அதே வேலை. வேலணையின் சாட்டி இரண்டே அசை, சாட்--டி--. தனியே வைத்தால் வெறுமையாக இருக்கும், 'சாட்டி சாட்டி' என்று இரண்டு தரம் கூப்பிட்டால் நிறைந்துவிடும்.

சரணத்தை எழுதி வைத்துக்கொண்டு போக வேண்டாம் என்பேன். பைலாவில் வாதப் பைலா என்று ஒரு வகை உண்டு. ஒருவர் ஒரு வரி கட்ட, மற்றவர் அந்த இடத்திலேயே பதில் கட்டுவார். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பெரியவர்களை விட வடிவாகச் செய்வார்கள், அளவு மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். முதல் வரிக்கு மூன்று அசைச் சொல் நாலு. உதாரணத்துக்கு:

மாங்காயும் | கச்சானும் | தாங்கோவன் | அம்மம்மா

நாலும் 2+2+2. முதல் வரியின் படிக்கட்டு மெட்டிலேயே அப்படியே ஏறும். இதற்கு அம்மம்மா பதில் கட்ட வேண்டும், கூட்டம் காத்திருக்கும். அவர் தடுமாறினால் எல்லோரும் உடனே பல்லவியின் இரண்டாம் வரிக்கு, 'பாலமேறி'க்குப் போய்விட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பதில் வராத வெறுமையை மூன்று விநாடிக்கு மேல் விட்டால் ஆட்டம் குளிர்ந்துவிடும்.

தாளத்துக்குப் பொங்கோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வெறும் 20 லீற்றர்த் தண்ணிக் கான் போதும். அதை மணலில் நிறுத்தி அடித்தால் சத்தம் மணலுக்குள் போய்விடும். மடியில் சரித்து வைத்து, உள்ளங்கையின் அடியால் 1இலும் 4இலும் அடியுங்கள். ஆறு மாத்திரையையும் ஓட விட ஒரு எவர்சில்வர்க் கோப்பையும் கரண்டியும். சோடாப் போத்தலில் கரண்டி தட்டுவது பழைய வழக்கம், இனிய சத்தம்தான், ஆனால் வெறுங்காலோடு ஆடுகிற மணலில் கண்ணாடி வேண்டாம்.

நிற்கிற இடமும் பாட்டின் பகுதி. வெளியில் சுவர் இல்லை, சத்தம் திரும்பி வராது. ஆக்கள் கரையோரமாக நீண்டு நின்றால் இரண்டு தொங்கலும் கழன்றுவிடும். காரணம் எளிது. சத்தம் 34 மீற்றர் போகப் பத்தில் ஒரு விநாடி எடுக்கும். 112 வேகத்தில் ஒரு மாத்திரை 0.18 விநாடி. ஆக 34 மீற்றர் தள்ளி நிற்கிறவர் அரை மாத்திரைக்கு மேல் பிந்திக் கேட்டு, பிந்திப் பாடுவார். அவர் பாடுவது திரும்ப இங்கே வந்துசேர இன்னொரு அரை. கிற்றாரை நடுவில் விட்டு, பத்து மீற்றருக்குள் அரைவட்டமாக நில்லுங்கள். புளூடூத் ஸ்பீக்கரில் மைக் குரலை விடுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை. அந்தக் கருவிகளில் சத்தம் வெளியே வர ஒரு மாத்திரையளவு பிந்தக்கூடும். பதிவுசெய்த பாட்டுப் போடுவதற்கு அது நல்லது, நேரடிக் குரலுக்கு வயர் பூட்டிய ஸ்பீக்கரே சரிவரும்.

காற்றின் திசை தெரிந்து நில்லுங்கள். கரை வடக்கைப் பார்த்தது. சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் காற்றுத் தரைப் பக்கத்திலிருந்து வரும், சவுக்கு மரங்களுக்கு முன்னால் கடலைப் பார்த்து நின்றால் முதுகில் படும், குரல் அப்படியே முன்னால் போகும். வாடைக் காலத்தில் கடலிலிருந்து முகத்தில் அடிக்கும், அப்போது மரங்களுக்குப் பின்னால் ஒதுங்குவதுதான் வழி. கைபேசியில் பதிவு செய்வதானால் மைக் இருக்கிற ஓட்டையில் காற்று நேராகப் படக்கூடாது. சுத்தமான ஒரு காலுறையைக் கைபேசியின் அடிப்பக்கத்தில் மாட்டிவிட்டால் படபடப்பு நன்றாகக் குறையும். மரத்துக்கு மிகக் கிட்ட நின்றாலும் பிழை, சவுக்கிலையின் 'உஸ்' என்ற இரைச்சல் பாட்டின் சகரங்களை எல்லாம் மூடிவிடும். ஐந்தாறு பாகம், முப்பது அடியளவு, தள்ளி நின்றால் அந்த இரைச்சல் பின்னணியில் அழகாக இருக்கும், சவுக்கு இல்லாத கடற்கரையின் பதிவில் வராத சத்தம் அது.

கிற்றாரை வந்து இறங்கிய உடனே சுருதி சேர்க்க வேண்டாம். வானுக்குள் சூடேறிய கம்பி விரிந்து இறங்கி இருக்கும். நிழலில் பத்து நிமிடம் வைத்து, ஆறவிட்டுச் சேருங்கள். வெயிலில் பூட்டிய வானுக்குள் விட்டுவிட்டுக் குளிக்கப் போனால் பசை இளகி, கம்பிகளைத் தாங்குகிற பாலக்கட்டை (பிரிட்ஜ்) எழும்பிவிடும், பிறகு அது திருத்த வேலைதான். பொங்கோ தோலாக இருந்தால் பின்னேரம் ஈரக் காற்றில் தொய்ந்து 'டப் டப்' என்று ஊமையாகும். சமைக்கிற அடுப்பின் சூட்டில், ஒரு முழம் தள்ளி, திருப்பித் திருப்பிக் காட்டினால் இழுத்துக்கொள்ளும். கிட்டக் கொண்டுபோனால் ஓரத்தில் வெடிக்கும். பிளாஸ்ரிக் தோல் என்றால் இந்தக் கவலை இல்லை, சத்தம் கொஞ்சம் வறண்டு இருக்கும்.

உப்புக் காற்றுக்கு முதலில் போவது மெல்லிய கம்பிகள்தான். ஒரே இரவில் துரு பிடித்து விரலுக்குச் சொரசொரவென்று வரும். பாடி முடிந்ததும், பஸ் ஏறும் முன்பே, ஒவ்வொரு கம்பியையும் காய்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் பிடித்துத் துடையுங்கள். மரத்தில் படிந்த உப்பு காய்ந்த துணிக்குப் போகாது, அதற்கு நன்றாகப் பிழிந்த ஈரத்துணி, உடனே காய்ந்த துணி. துளைக்குள் மணல் போயிருந்தால் குலுக்காமல் கவிழ்த்துப் பிடித்து, பின்பக்கத்தை உள்ளங்கையால் மெல்லத் தட்டினால் கம்பிகளுக்கு இடையால் கொட்டும். வீட்டை வந்ததும் கிற்றார்ப் பெட்டியை மூடி வைக்க வேண்டாம். உள்ளே சிக்கிய ஈரம் காயுமட்டும், ஒரு இரவுக்காவது, திறந்தபடி விடுங்கள்.